ஜி.எஸ்.டி. சாலை அரசியல் – 17: ஆறாவது ஆள்

சென்ற வாரம் 2011 மே 13 இரவில் நிறுத்தினோம். அதிமுக கூட்டணியில் 41 இடங்களில் நின்ற தேமுதிக 29 இடங்களில் ஜெயித்தது. ஆட்சியைப் பறிகொடுத்த திமுகவுக்கு 23. மதுரையில் 2005 செப்டம்பரில் கொடியேற்றிய கட்சி, ஆறு வயது நிரம்பும் முன்பே கலைஞரின் கட்சியை முந்திக்கொண்டு பிரதான எதிர்க்கட்சி ஆகிவிட்டது. ‘கேப்டன்’ விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர்.

நம் சாலையிலும் தேமுதிகவின் முரசு இரண்டு இடங்களில் கொட்டியது. ஆலந்தூரில் பண்ருட்டி ச. ராமச்சந்திரன். செங்கல்பட்டில் அனகை முருகேசன். நடுவிலிருந்த பல்லாவரமும் தாம்பரமும் இரட்டை இலைக்குப் போயின. கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் எல்லாம் செங்கல்பட்டுத் தொகுதி. ஆக, பொத்தேரிக்காரர்கள் பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனு எழுதினால் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் கேப்டனின் ஆள்.

அந்த 29 பேரைக் கேப்டனால் ஏன் கட்டிக்காக்க முடியவில்லை என்பதுதான் இந்த வாரக் கதை.

கணக்கு

முதலில் ஒரு கூட்டல் கழித்தல்.

சட்டமன்றத்தில் 234 பேர். எதிர்க்கட்சித் தலைவர் என்ற அங்கீகாரம் கிடைக்கப் பத்தில் ஒரு பங்கு வேண்டும். அதாவது 24. இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிட வேண்டாம். 2014இல் மக்களவையில் 44 இடம் பெற்ற காங்கிரசுக்கு இதே பத்து சதவீதக் கணக்கைக் காட்டித்தான் அந்தப் பதவி மறுக்கப்பட்டது. அங்கே தேவைப்பட்டது 55.

விஜயகாந்திடம் 29. அதாவது ஐந்து பேர் கையிருப்பு. ஐந்து பேர் போனாலும் நாற்காலி ஆடாது. ஆறாவது ஆள் போனால் அமைச்சர் அந்தஸ்து, கொடி கட்டிய கார், சபையின் முதல் வரிசை எல்லாம் போய்விடும். அந்த இடத்துக்குத் திமுகவும் வர முடியாது. அவர்களிடம் 23 தான், ஒன்று குறைகிறது.

எதிர்க்கட்சித் தலைவரே இல்லாத சபை வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆறே பேர்.

உறவு முறிந்த நாள்

கூட்டணி ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. 2011 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஜெயலலிதா பத்து மாநகராட்சிகளுக்கும் தன் கட்சி மேயர் வேட்பாளர்களைத் தானே அறிவித்தார். கூட்டாளிகளிடம் ஒரு வார்த்தை இல்லை. தேமுதிக மார்க்சிஸ்டுகளோடு சேர்ந்து தனியே நின்று தோற்றது.

அடுத்து, 2012 பிப்ரவரி 1.

பால் விலையும் பஸ் கட்டணமும் முந்தைய நவம்பரில் ஏறியிருந்தன. சபையில் அந்தப் பேச்சு வந்தது. உள்ளாட்சித் தேர்தல் முடியும்வரை காத்திருந்து ஏற்றியது ஏன் என்ற தொனியில் தேமுதிக தரப்பு கிளப்ப, ஆளுங்கட்சி வரிசைகள் கொந்தளித்தன. விஜயகாந்த் எழுந்தார். விரலை நீட்டினார். நாக்கைத் துருத்தினார். சினிமாவில் இந்த இடத்தில் தியேட்டர் விசிலடித்திருக்கும்; கோட்டையில் உரிமை மீறல் நடவடிக்கை வந்தது. பத்து நாள் இடைநீக்கம்.

இந்தக் கட்சியோடு கூட்டணி வைத்ததற்கு வெட்கப்படுவதாக ஜெயலலிதா சபையிலேயே சொன்னார். சங்கரன்கோவில் இடைத்தேர்தலில் தனியாக நின்று பார்க்கும்படி சவால் விட்டார். மார்ச் 18 அன்று வாக்குப்பதிவு. தேமுதிக நின்றது, டெபாசிட் போனது.

அந்த முடிவை எதிரிகளைவிடக் கூர்ந்து பார்த்தவர்கள், தேமுதிகவின் சொந்த எம்.எல்.ஏ.க்கள். இரட்டை இலையின் துணையில்லாமல் தங்கள் தொகுதியில் தங்கள் கதி என்ன என்று ஒவ்வொருவரும் மனக்கணக்கு போட்டிருப்பார்கள். குறிப்பாகச் செங்கல்பட்டு போல, பாமகவை மயிரிழையில் வென்ற தொகுதிக்காரர்கள்.

மீனம்பாக்கம்

ஏழு மாதம் கழித்து, 2012 அக்டோபர் கடைசி வாரம். மதுரை மத்தியத் தொகுதி ஆர். சுந்தர்ராஜனும் திட்டக்குடி தமிழழகனும் முதல்வரைப் போய்ப் பார்த்தார்கள். பூங்கொத்து, கும்பிடு, புகைப்படம். கேட்டால், தொகுதி வளர்ச்சிக்காகச் சந்தித்தோம் என்ற பதில். சூடு ஆறும் முன் பேராவூரணி அருண்பாண்டியனும் ராதாபுரம் மைக்கேல் ராயப்பனும் அதே வழியில் போனார்கள்.

இவர்களில் அருண்பாண்டியன் திரையிலும் விஜயகாந்தோடு நின்றவர். சுந்தர்ராஜன் கட்சி பிறந்த மதுரையின் பிரதிநிதி. விளிம்பில் இருந்தவர்கள் கழன்றிருந்தால் அதிர்ச்சி இவ்வளவு இருந்திருக்காது. நெருங்கியவர்களே போனார்கள்.

அக்டோபர் 27 அன்று சென்னை விமான நிலையத்தில் நிருபர்கள் இதைப் பற்றித்தான் கேட்டார்கள். விஜயகாந்த் வெடித்தார். கேள்வி கேட்டவரை அவர் வசைபாடிய காட்சி நாள் முழுக்கத் தொலைக்காட்சிகளில் ஓடியது. தள்ளுமுள்ளு என்று புகார், வழக்கு. அந்த வழக்கில் கைதானவர் நம் செங்கல்பட்டு எம்.எல்.ஏ. அனகை முருகேசன்.

நான்கு பேர் எதிரே போய்விட்ட வாரத்தில், கட்சித் தலைவர் எஞ்சியவர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஒவ்வொருவர் மனக்குறையையும் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஊரே பேசியது விமான நிலையச் சண்டையை. என் பார்வையில் விஜயகாந்த் தன் அணியை இழக்கத் தொடங்கிய இடம் சட்டமன்றம் அல்ல, மீனம்பாக்கம்தான்.

விலகவும் முடியாது, விலக்கவும் முடியாது

போனவர்கள் ஏன் அதிமுகவில் சேர்ந்துவிடவில்லை?

1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் காரணம். முன்பு மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் அதைப் பிளவு என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. 2003இல் அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். இனி மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைந்தால்தான் பதவி தப்பும். 29இல் மூன்றில் இரண்டு என்றால் 20 பேர். அவ்வளவு பேர் கிடைக்கவில்லை. எனவே காகிதத்தில் தேமுதிக, கும்பிடு மட்டும் அம்மாவுக்கு.

சரி, விஜயகாந்த் அவர்களை நீக்கி, பதவியைப் பறிக்க மல்லுக்கட்டி இருக்கலாமே?

நீக்கினால் பதவி போகாது. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் பழைய கட்சியின் உறுப்பினரே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் தமிழ்நாட்டு வழக்குதான்; அதிமுகவிலிருந்து நீக்கப்பட்டு மதிமுகவுக்குப் போன ஜி. விஸ்வநாதன் தொடுத்தது. தகுதிநீக்கம் கோரினால் தீர்ப்பு சொல்ல வேண்டியவர் சபாநாயகர் தனபால், ஆளுங்கட்சிக்காரர். அப்படியே பதவி பறிபோனாலும் லாபம் யாருக்கு? இடைத்தேர்தல் வரும், சங்கரன்கோவில் மறுபடி நடக்கும், 29 குறையும்.

கொஞ்சம் நின்று யோசித்தால் இதன் விபரீதம் புரியும். எதிரணிக்குப் போனவர்களின் பெயர் தன் பட்டியலில் இருக்கும்வரைதான் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர். அவர்கள் உட்கார்ந்திருந்த கிளையில்தான் அவர் நாற்காலியும் இருந்தது. வெட்டும் கத்தி அவர்கள் கையில்.

சொந்த வரிசையில் கைகலப்பு

2013 பிப்ரவரி. அதிருப்தியாளர்களுக்கும் விசுவாசிகளுக்கும் சபையில் ஒரே பக்கத்தில்தான் இருக்கை. அதிருப்தி உறுப்பினர் பேசும்போது சொந்தக் கட்சியின் வரிசையிலிருந்தே கூச்சல் எழுந்தது. கூச்சல் கைகலப்பானது. மைக்கேல் ராயப்பன் தாக்கப்பட்டதாகப் புகார்.

மார்ச்சில் தண்டனை வந்தது. ஆறு தேமுதிக உறுப்பினர்களுக்கு ஓராண்டு இடைநீக்கம். பின்னர் அது ஆறு மாதமாகக் குறைந்தது. கொறடா வி.சி. சந்திரகுமார், நல்லதம்பி, பார்த்தசாரதி, செந்தில்குமார், அருள்செல்வன், இவர்களோடு நம் அனகை முருகேசன்.

பொத்தேரிக்கு இதன் அர்த்தம் எளிமையானது. தொகுதியின் பிரதிநிதி சபைக்கு வெளியே. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலையோ குடிநீரையோ பற்றிக் கோட்டையில் கேள்வி எழுப்ப ஆளில்லை. தலைவருக்காகச் சண்டை போட்டவர் வெளியே நிற்க, தலைவரை விட்டுப் போனவர்கள் உள்ளே உட்கார்ந்து தொகுதிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்க்கும் மற்ற எம்.எல்.ஏ. என்ன பாடம் படிப்பார்?

அம்மா ஆள் பிடித்தார் என்பதுதான் இந்தக் கதைக்கு எல்லோரும் சொல்லும் விளக்கம். பொய்யில்லை. ஆனால் பாதிதான். ஆளுங்கட்சி எல்லாக் காலத்திலும் வலை வீசும். 1991இல் திமுகவுக்குக் கிடைத்தது இரண்டே இடம். அந்தச் சபையில் பரிதி இளம்வழுதி எழுந்து நின்று மல்லுக்கட்டியதை உடன்பிறப்புகள் இன்றும் சொல்லிக்காட்டுவார்கள். அதே பரிதியை 2011இல் எழும்பூரில் தோற்கடித்தவர் தேமுதிகவின் நல்லதம்பி என்பது வேறு கதை.

இரண்டு பேர் நின்ற இடத்தில் 29 பேரால் நிற்க முடியாமல் போனதற்குக் காரணம் உள்ளேயும் இருந்தது. தேமுதிக ரசிகர் மன்றங்களிலிருந்து முளைத்த கட்சி. அதைக் கட்டியிருந்தது விஜயகாந்த் என்ற ஒரு மனிதர் மீதான பாசம். அந்த மனிதர் 2012க்குப் பிறகு சபைப் பக்கம் வருவது அரிதானது. பேச விடுவதில்லை, அதனால் வருவதில்லை என்பது கட்சியின் வாதம். இன்னொரு பக்கம் மாவட்டம் மாவட்டமாக அவதூறு வழக்குகள் அவரை அலைக்கழித்தன, அதுவும் உண்மை. ஆனால் தலைவர் இல்லாத வரிசையில் உட்காரும் புது எம்.எல்.ஏ.க்குத் தாசில்தார் ஆபீசில் மதிப்பில்லை, கோயம்பேடு தலைமைக் கழகத்திலும் அவர் குரல் எடுபடாது. முடிவுகள் அண்ணியார் பிரேமலதாவிடமும் மைத்துனர் சுதீஷிடமும் என்ற பேச்சு கட்சிக்குள்ளேயே இருந்தது. பாசத்தை வைத்து ஓட்டு வாங்கலாம். ஐந்து வருடம் ஒரு அணியை நடத்த அது போதவில்லை.

வாக்குச்சீட்டில் தெரிந்த விரிசல்

2013 ஜூன் 27, மாநிலங்களவைத் தேர்தல். ஆறு இடம், ஏழு வேட்பாளர். முதல் சுற்றிலேயே ஜெயிக்க 34 வாக்கு வேண்டும். 29 பேரும் ஒற்றுமையாக இருந்தாலும் போதாது. ஆனாலும் தேமுதிக ஏ.ஆர். இளங்கோவனை நிறுத்தியது.

ஏன் என்பது எனக்கு இன்றுவரை புரியாத முடிவு. பலத்தைக் காட்டப் போனார்களா? காட்டியது பலவீனத்தை. இளங்கோவனுக்கு விழுந்தவை 22. திமுகவின் கனிமொழி காங்கிரஸ், சிறு கட்சிகள் துணையோடு 31 வாங்கி ஜெயித்தார். ஏழு பேர் கழன்றுவிட்டார்கள் என்ற தகவல் அதுவரை பத்திரிகை ஊகம். அன்று மாலை அது அரசாங்க எண்.

22 என்பது 24க்குக் கீழே. உண்மையான பலத்தைக் கணக்கிட்டால், விஜயகாந்தின் பதவி அன்றே காலி. காகிதம் மட்டும் இன்னும் 29 என்றது.

அந்தக் காகிதத்தை யாரும் உடனே கிழிக்கவில்லை. பதவியை விட்டால் இடைத்தேர்தல், செலவு, மறுபடி சீட்டு கிடைக்குமா என்ற பயம். ஆளுங்கட்சிக்கும் அவசரமில்லை, பேச்சிழந்த எதிர்க்கட்சி இருக்கும்போது எதிர்க்கட்சியே இல்லாத அவப்பெயர் எதற்கு?

பண்ருட்டியார்

அடுத்து ஆடியது ஆலந்தூர்.

பண்ருட்டி ராமச்சந்திரன் கருணாநிதி, எம்.ஜி.ஆர். இருவர் அமைச்சரவையிலும் இருந்தவர். 1991இல் பாமகவின் ஒரே எம்.எல்.ஏ.வாகச் சட்டமன்றத்துக்கு யானை மீது வந்து இறங்கியவர். தேமுதிகவுக்கு அவைத்தலைவர். கேப்டனைச் சுற்றி இருந்தவர்களில் கோட்டையின் வாசல், சந்து, மொழி எல்லாம் தெரிந்த ஒரே மூத்தவர். சினிமாக் கூட்டத்தைச் சட்டமன்றக் கட்சியாக மாற்றும் வேலை நடந்திருந்தால் அவர் கையால்தான் நடந்திருக்கும்.

2013 டிசம்பரில் தேமுதிக டெல்லி சட்டமன்றத் தேர்தலில் போய் நின்று எல்லா இடத்திலும் டெபாசிட் இழந்தது. முடிவு வந்து இரண்டு நாள். டிசம்பர் 10 அன்று பண்ருட்டியார் கட்சியையும் எம்.எல்.ஏ. பதவியையும் விட்டார். வயது, உடல்நலம் என்று காரணம் சொன்னார். அந்த உடல்நலம் அடுத்த பிப்ரவரியில் அதிமுகவில் சேரும் அளவுக்குத் தேறியது.

29 என்பது 28 ஆனது. 2014 ஏப்ரல் 24 இடைத்தேர்தலில் ஆலந்தூரை அதிமுகவின் வி.என்.பி. வெங்கட்ராமன் எடுத்துக்கொண்டார். (எழுத்தாளர் ஞாநி ஆம் ஆத்மி சார்பில் நின்றதும் இந்தத் தேர்தலில்தான்.) அதே நாளில் நடந்த மக்களவைத் தேர்தலில் பாஜக அணியில் 14 இடங்களில் நின்ற தேமுதிகவுக்கு ஒன்றும் தேறவில்லை. பொத்தேரியைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.ஆர்.எம். கல்விக் குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தரும் அதே அணியில் பெரம்பலூரில் நின்று தோற்றார். பாவம், அவருடைய ஐ.ஜே.கே. கட்சிக்குக் கட்டிக்காக்க எம்.எல்.ஏ.க்களே இல்லை.

இரண்டு நாள்

2016 பிப்ரவரி. சட்டமன்றத்தின் ஆயுள் இன்னும் சில வாரம். 2015இல் இன்னொரு ரகளைக்காகத் தண்டிக்கப்பட்ட ஆறு தேமுதிக எம்.எல்.ஏ.க்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் தரப்பு வாதத்துக்கு உரிய வாய்ப்பு தரப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 12 அன்று அவர்களுக்கு நிவாரணம் தந்தது. கோயம்பேட்டில் உற்சாகம்.

பிப்ரவரி 20, சனிக்கிழமை. காஞ்சிபுரத்தை அடுத்த வேடலில் மாநில மாநாடு. தென்சென்னைப் புறநகரிலிருந்தும் வேன்கள் போயின. திமுக, பாஜக, மக்கள் நலக் கூட்டணி என்று மூன்று தரப்பும் கேப்டனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் கூட்டணியை அறிவிக்கவில்லை. தான் கிங்காக இருக்க வேண்டுமா, கிங்மேக்கராக இருக்க வேண்டுமா என்று தொண்டர்களைக் கேட்டார். கிங் என்று மைதானம் அதிர்ந்தது.

பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை.

எட்டு தேமுதிக அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். கூடவே பாமகவில் ஒருவர், புதிய தமிழகத்தில் ஒருவர். அன்றே ஏற்கப்பட்டது. 28இல் எட்டுப் போக 20. பத்தில் ஒரு பங்கு இல்லை. விஜயகாந்த் இனி எதிர்க்கட்சித் தலைவர் அல்ல என்று சட்டமன்றச் செயலகம் அறிவித்தது.

நாள் பார்த்து வீசிய கத்தி. பொதுத்தேர்தல் வாசலில் நின்றதால் இடைத்தேர்தல் பேச்சே இல்லை. தகுதிநீக்கப் பயமும் இல்லை. பதவியை விட்டவரிடமிருந்து எதைப் பறிப்பது? மூன்றரை வருடம் அவர்களைக் கட்டிப்போட்ட கயிறு அந்த ஒரு வாரத்தில் தானாக அவிழ்ந்தது. சில நாளில் அதிமுகவில் சேர்ந்தார்கள். அவர்களில் விருதுநகர் க. பாண்டியராஜன் மே மாதம் ஆவடியில் ஜெயித்து, அதே ஆண்டில் அமைச்சரும் ஆனார்.

இருபது பேர்

இப்போது கேப்டனையும் சேர்த்து இருபது. போக வேண்டியவர்கள் போய்விட்டார்கள், மிஞ்சியது சொக்கத்தங்கம் என்று தொண்டர்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சபையில் அடிதடிக்குப் பெயர் போன கொறடா, ஈரோடு கிழக்கு சந்திரகுமார் அதில் இருந்தார். வழக்குப் போட்டு டெல்லிவரை போய் ஜெயித்த மேட்டூர் பார்த்திபனும் கும்மிடிப்பூண்டி சேகரும் இருந்தார்கள்.

ஆனால் இந்த மூவரும் மாநாட்டு மைதானத்தின் கிங் கோஷத்தைவிடத் தங்கள் தொகுதியின் கணக்கை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் பார்வை கோபாலபுரம் பக்கம் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழும் என்று கலைஞரும் நம்பிக்கையோடு காத்திருந்தார். விஜயகாந்த் மார்ச் 10 அன்று தனித்துப் போட்டி என்றார். மார்ச் 23 அன்று வைகோ, திருமாவளவன், இடதுசாரிகளின் மக்கள் நலக் கூட்டணியோடு கைகோத்து முதல்வர் வேட்பாளர் ஆனார்.

வலை வீச இப்போது ஆளுங்கட்சி இல்லை. பிளக்க வேண்டியவர்கள் ஏற்கெனவே பிளந்து போய்விட்டார்கள். அப்படியிருக்க, கேப்டனுக்காகச் சபையிலிருந்து வெளியேற்றப்பட்ட அவரது கொறடாவே ஏப்ரலில் கேப்டனுக்கு எதிராகப் பேட்டி கொடுக்கத் துணிந்தது ஏன்?

(தொடரும்)